பல்கலைக்கழகத்து அருங்காட்சியகத்தால் ஊர்க்காரனுக்கு என்ன லாபம்? (ஆக்ஸ்ஃபோர்ட் ஆஷ்மோலியன் பற்றி)

6 ஏப்ரல் 2024, குடந்தைவாசி கேட்டது

நேரடியாகவே கேட்கிறேன். ஆஷ்மோலியன் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சொத்து. பேராசிரியருக்கும் மாணவருக்கும் உதவும், ஒத்துக்கொள்கிறேன். பஸ் ஓட்டுகிறவர், கடை வைத்திருப்பவர், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிறவர், இவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? அவ்வப்போது பெரிய கண்காட்சி வைக்கிறார்கள், அதற்கும் டிக்கெட். ஊர் நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரிய வீட்டுத் திண்ணை, நமக்கு வெளியிலிருந்து வேடிக்கை. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

6 ஏப்ரல், இரவு

மறுக்கத்தான் வந்தேன். ஆக்ஸ்ஃபோர்டில் குடியிருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலை.

டிக்கெட் சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும்தான். மற்ற எல்லாக் கூடங்களும் இலவசம். என் சின்ன நாத்தனார் ஊரிலிருந்து வந்திருந்தபோது, போமண்ட் தெருவில் அந்தத் தூண்களைப் பார்த்ததும் "டிக்கெட் எவ்வளவு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "சும்மா விடுறாங்கன்னா உள்ளே ஒண்ணும் இருக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அப்புறம் உச்செல்லோ வரைந்த காட்டு வேட்டைப் படத்தின் முன்னால் நின்று நாய்களை எண்ண ஆரம்பித்தவளைக் கிளப்பிக்கொண்டு வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

7 ஏப்ரல்

"பேராசிரியர்களுக்காக வைத்தது" என்பதற்கு ஒரு பழைய மறுப்பு இருக்கிறது. ஆஷ்மோலியன் திறந்தது 1683-ல். 1710-ல் உஃபென்பாக் என்ற ஜெர்மன் புத்தகப் பித்தர் அதைப் பார்க்கப் போனார். அன்று சந்தை நாள். உள்ளே பார்த்தால் பட்டிக்காட்டு ஆண்களும் பெண்களுமாகக் கூட்டம். ஐயாவுக்கு மகா எரிச்சல், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார். மறுபடி போனபோதும் திருப்தியில்லை. ஆறு பென்ஸ் கொடுத்தால் பெண்களைக்கூட மேலே விடுகிறார்கள், அவர்கள் அங்கும் இங்கும் ஓடி எல்லாவற்றையும் தொட்டுத் தூக்கிப் பார்க்கிறார்கள், காப்பாளர் அதட்டினாலும் மசிவதில்லை என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.

அதே பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது 1920-ல். பட்டம் கிடைப்பதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே சந்தைக்கு வந்த பெண்கள் இந்தக் கதவு வழியாக உள்ளே போய்விட்டார்கள். குடந்தைவாசி, உங்கள் பஸ் ஓட்டுநருக்கு அவர்கள்தான் முன்னோடி.

(அந்தக் கட்டடம் பிராட் தெருவில் இருக்கிறது, இப்போது அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம். இப்போதைய தூண் கட்டடம் காக்கரெல் வடிவமைத்தது, 1845-ல் முடிந்தது.)

7 ஏப்ரல், மறுபடியும்

ஆஷ்மோல் பெரிய சேகரிப்பாளர் என்று ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். அந்தப் பெயருக்கு அவ்வளவு மரியாதை வேண்டாம். பொருள்களில் பெரும்பகுதியைச் சேர்த்தவர்கள் ஜான் ட்ரேடஸ்கன்ட் என்ற அப்பாவும் அதே பெயருள்ள மகனும். இருவரும் தோட்டக்காரர்கள். அப்பா ராஜாவிடம் வேலை பார்த்தவர், மகன் செடி தேடி வர்ஜீனியா வரை போனவர். லண்டன் லாம்பெத்தில் வீட்டிலேயே எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக் காசு வாங்கிக் காட்டினார்கள். 1656-ல் பட்டியலும் அச்சடித்தார்கள், அதற்கு உதவியவர்தான் ஆஷ்மோல். மூன்று வருடத்தில் சேகரிப்பை எழுதி வாங்கிவிட்டார். மகன் இறந்ததும் விதவை ஹெஸ்டர் கொடுக்க மறுத்தார், ஆஷ்மோல் வழக்குப் போட்டார், தீர்ப்பும் அவர் பக்கமே வந்தது. 1678-ல் அந்த அம்மா வீட்டுக் குளத்தில் இறந்து கிடந்தார். ஆக, இந்த இடம் திறப்பதற்கு முன்பே "இது யாருடையது?" என்று கோர்ட்டுக்குப் போய்வந்த சேகரிப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

9 ஏப்ரல்

டோடோ பறவை ஆஷ்மோலியனில் இருக்கிறது என்று எழுதியவருக்கு: இருந்தது. ட்ரேடஸ்கன்ட் சேகரிப்போடு வந்ததுதான். இப்போது மிச்சமிருக்கும் தலை, பார்க்ஸ் ரோடில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். அதுவும் பல்கலைக்கழகத்துடையதே, அதுவும் இலவசம். 2018-ல் ஸ்கேன் எடுத்தபோது மண்டைக்குள் ஈயக் குண்டுகள் தெரிந்தன, யாரோ பின்பக்கமிருந்து சுட்டிருக்கிறார்கள். இறந்து மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு போஸ்ட்மார்ட்டம்.

14 ஏப்ரல்

இன்று 'புரூகல் முதல் ரூபன்ஸ் வரை' கண்காட்சிக்குப் போய்வந்தேன். ஆம், டிக்கெட் வாங்கித்தான். ஃபிளாண்டர்ஸ் ஓவியர்களின் கோட்டோவியங்கள், ஆன்ட்வெர்ப்பின் பிளான்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து நடத்துவது.

உள்ளே மங்கல் வெளிச்சம். எனக்குப் பின்னால் ஒருவர் "கரண்டுக் காசை மிச்சம் பிடிக்கிறார்கள்" என்று முணுமுணுத்தார். காகிதமும் பழைய மையும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், ஒரு தடவை வெளுத்தால் திரும்பாது. அதனால்தான் கோட்டோவியங்களைச் சுமார் 50 லக்ஸ் என்ற மங்கல் வெளிச்சத்தில் வைப்பது, சில மாதம் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் பல வருடம் ஓய்வு கொடுப்பது. 2017-ல் ரஃபேல் கோட்டோவியக் கண்காட்சிக்கு 120 தாள்களைக் கூட்டினார்கள். அதில் 50 ஆஷ்மோலியனுடையவை, 25 வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்திலிருந்து வந்தவை. கூட்டம் நெரிந்தது. என் முறைக்கு ஒரு தாளின் முன் நிற்கக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான், பின்னால் இருப்பவரின் மூச்சு கழுத்தில்.

கண்காட்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் குடந்தைவாசிக்கு என் பதில் கண்காட்சியில் இல்லை. அது மாடியில் ஒரு அறையில் இருக்கிறது. நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

16 ஏப்ரல்

அந்த அறைக்குப் பெயர் பிரின்ட் ரூம். ரஃபேல் தாள்கள் ஓய்வெடுக்கிற பெட்டிகளை அங்கே திறந்து காட்டுவார்கள். யாருக்கு? முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொண்ட யாருக்கும். ஆராய்ச்சி மாணவராக இருக்க வேண்டாம், பேராசிரியர் கடிதம் வேண்டாம்.

எனக்கு இது தெரியவே பல வருடமாயிற்று. பக்கத்து வீட்டில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற தையற்காரப் பெண்மணி சொல்லித்தான் தெரியும். அவர் பழைய உடைகளின் மடிப்பைப் பார்க்க அங்கே போவாராம். நான் போனபோது ரஃபேல் கேட்டேன். மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். கண்ணாடி இல்லை, கூட்டம் இல்லை, நகருங்கள் என்று சொல்ல ஆளில்லை. சாக்பீஸ் கோட்டில் கை எங்கே அழுத்தியது, எங்கே தயங்கியது என்று தெரிகிறது. ஒரு தோளை இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்து ஒன்றைக் கைவிட்டிருக்கிறார். கண்காட்சியில் நான் பார்த்தது பேர்பெற்ற ஓவியரை. அங்கே பார்த்தது வேலை செய்கிற ஆளை.

அந்தத் தாள்கள் வந்த கதையும் இந்த இழைக்குப் பொருத்தமானதே. சர் தாமஸ் லாரன்ஸ் என்ற ஓவியர் சேர்த்தது. 1830-ல் அவர் இறந்தபோது, உயிலின்படி அரசருக்கும் தேசத்துக்கும் மலிவு விலையில் தர முன்வந்தார்கள், வேண்டாம் என்றார்கள். கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் சந்தா வசூலித்து, ரஃபேலையும் மைக்கலாஞ்சலோவையும் 1840-களில் வாங்கினார்கள். கலை விமர்சகர் ரஸ்கின் 1871-ல் அதே கட்டடத்தில் ஓவியப் பள்ளி தொடங்கியபோது ஊர்க்காரர்களுக்கும் வகுப்பு இருந்தது. மாணவர் பார்த்து வரைவதற்காக அவர் கொடுத்த தாள்களும் இப்போது அதே பிரின்ட் ரூமில்தான்.

என் கட்சி இதுதான்: பல்கலைக்கழக அருங்காட்சியகம் ஊருக்குச் செய்கிற பெரிய காரியம் கண்காட்சி இல்லை, கேட்டால் எடுத்துக் காட்டுவது. கேட்டால் பதில் சொல்வதும் அதில் சேர்த்தி.

17 ஏப்ரல்

"உங்களுக்கே தெரிய வருடங்கள் ஆயிற்று என்றால் அது என்ன திறந்த கதவு?" என்று குடந்தைவாசி கேட்டிருக்கிறார். சரியான அடி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கண்காட்சிக்குப் பஸ் முதுகில் விளம்பரம் ஒட்டுகிறார்கள், பிரின்ட் ரூமுக்கு ஒட்டி நான் பார்த்ததில்லை. ஒருவேளை எல்லோரும் வந்துவிடுவார்களோ என்ற பயமாக இருக்கலாம், பெட்டியைத் தூக்கிவைக்க ஆட்கள் குறைவுதானே.

18 ஏப்ரல்

இங்கே ஊர்க்காரர்களும் படிக்க வந்தவர்களும் அன்பாக இருந்த சரித்திரம் பெரிதாக இல்லை. 1355-ல் சாராயக் கடையில் ஒயின் சரியில்லை என்று ஆரம்பித்த சண்டையில் 63 மாணவர்கள் செத்தார்கள், ஊர்ப்பக்கம் சுமார் 30 பேர். அதற்குத் தண்டனையாக மேயர் வருடா வருடம் 63 பென்ஸ் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். 1825 வரை கட்டினார்கள்!

23 ஏப்ரல்

எப்படியும் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், கேட்டுவிட்டார்கள். திருமங்கையாழ்வார்.

தெரியாதவர்களுக்கு: கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் வெண்கலம், ஏறக்குறைய 60 செ.மீ. உயரம், கையில் வாளும் கேடயமும். 1967-ல் ஆஷ்மோலியன் இதை லண்டன் சோதபீஸ் ஏலத்தில் பெல்மான்ட் என்பவரின் சேகரிப்பிலிருந்து வாங்கியது. நல்லெண்ணத்தில் வாங்கினோம் என்கிறார்கள். ஐம்பது வருடம் யாரும் கேட்கவில்லை. 2019 நவம்பரில் ஒரு ஆய்வாளர், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படக் காப்பகத்தில் 1957-ல் அந்தக் கோயிலில் எடுத்த படத்தையும் இந்தச் சிலையையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே போலிருக்கிறது என்று எழுதினார். டிசம்பர் 16 அன்று அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்தது. முறையான கோரிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. கோயிலில் இப்போது இருப்பது போலி என்கிறது சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு. போன மாதம், 11 மார்ச் 2024 அன்று, பல்கலைக்கழக மன்றம் இந்தியாவின் கோரிக்கையை ஆதரித்துத் தீர்மானித்திருக்கிறது. அதற்குமேல் பிரிட்டனின் அறக்கொடை ஆணையத்தின் (Charity Commission) சம்மதமும் தேவைப்பட்டது.

"சோழர் காலச் சிலை" என்று இரண்டு பேர் எழுதிவிட்டீர்கள். 16-ஆம் நூற்றாண்டு. சோழர் கதை 1279-லேயே முடிந்துவிட்டது. வெண்கலம் என்றாலே சோழர் என்பதை விடுங்கள், நாயக்கர் காலத்து ஸ்தபதியும் சோறுதானே தின்றார்.

23 ஏப்ரல், கொஞ்சம் கழித்து

ஒரு சிரிப்பு வருகிறது, அபசாரம் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். அடியார்களுக்கு அன்னமிட வழிப்பறி செய்தவர் நம் ஆழ்வார். பெருமாளையே மடக்கி நகையைக் கழற்றச் சொன்னவர். திருநகரி வேடுபரி உற்சவத்தில் இன்றும் அதை நடித்துக் காட்டுகிறார்கள். ஸ்ரீரங்கம் திருப்பணிக்காக நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்றும் குருபரம்பரை சொல்கிறது. அவரையே ஒருவன் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். கலியன், அதாவது நம் ஆழ்வாரே, என்றைக்காவது திரும்பி வந்து விசாரிப்பார்.

25 ஏப்ரல்

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அருங்காட்சியகமே முன்வந்து சொன்னது என்று புகழ்ந்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.

1967-ல் வாங்கினார்கள். யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970-ல்தான், நம் தொல்பொருள் சட்டம் 1972-ல். அப்போது சட்டத்தில் கேள்வி கேட்கச் சொல்லி எழுதவில்லை, சரி. ஆனால் பல்கலைக்கழகம் என்பதன் தொழிலே கேள்வி கேட்பதுதானே? உற்சவர் என்றால் ஏதோ ஒரு கோயிலின் உற்சவர்தான், ஆழ்வார் தானாக விமானம் ஏறி வரமாட்டார். எந்தக் கோயில் என்று ஐம்பது வருடத்தில் உள்ளேயிருந்து யாரும் துருவவில்லை. வெளியாள் கேட்ட பிறகுதான் அசைந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளியாள் கேட்டபோது பொருளின் பட்டியல் எண், வாங்கிய வருடம், விற்றவர் பெயர் எல்லாம் பார்க்கக் கிடைத்தது. தனியார் ஒருவரின் வரவேற்பறையில் இருந்திருந்தால் அந்த 1957 புகைப்படத்துக்கு ஜோடியே கிடைத்திருக்காது. ஆகவே என் கட்சியை நான் விடவில்லை, கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன். குடந்தைவாசி, நீங்கள் பஸ் ஓட்டுநரைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த அருங்காட்சியகத்தின் ஊர்க்காரர்கள் என்ற கணக்கில் உங்கள் பக்கத்துக் கிராமத்தில் போலி ஆழ்வாரைச் சேவித்துக்கொண்டிருந்தவர்களும் சேர்த்தி. அவர்களுக்குப் பஸ் முதுகு விளம்பரமும் கிடையாது, பிரின்ட் ரூமும் கிடையாது.

26 ஏப்ரல்

"திருப்பிக் கொடுத்தால் இங்கே பாதுகாப்பு மையத்தில் இரும்புக் கம்பிக்குள் பூட்டி வைப்பார்கள், அதற்கு அங்கேயே இருக்கலாம்" என்று எழுதியவருக்கு: கம்பிக்குள் வைப்பது எனக்கும் பிடிக்கவில்லை. அதை நம் ஊரில் நாம் சண்டை போட்டுச் சரிசெய்ய வேண்டியது. வீட்டுக்காரன் பீரோவை ஒழுங்காக வைக்கமாட்டான் என்பது நகையைத் தராமலிருக்கக் காரணமாகுமா?

பாதுகாப்பு என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2000-மாவது ஆண்டு பிறந்த இரவு, ஊரே வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, கூரைக் கண்ணாடி வழியாக ஒருவன் ஆஷ்மோலியனுக்குள் இறங்கி, புகை போட்டுவிட்டு, செசானின் ஓவியம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். இன்னும் கிடைக்கவில்லை.

4 மே

அமெரிக்காவில் எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் அங்கே போனதில்லை, படித்ததும் கேட்டதும்தான்.

மனதுக்குப் பிடித்தது ஓபர்லின் கல்லூரியின் ஆலன் அருங்காட்சியகம். 1940 முதல் படங்களை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நகல்கள் இல்லை, அசல். பிக்காசோ அச்சோவியம்கூட உண்டு. ஒரு செமஸ்டருக்கு ஐந்து டாலர். முந்தின ராத்திரியே வாசலில் படுத்து இடம்பிடிப்பார்களாம். ஹாஸ்டல் அறையில் துணி காயப்போட்ட கயிற்றுக்கு மேலே பிக்காசோ.

எதிர்ப்பக்கம் பிராண்டைஸ் பல்கலைக்கழகம். பொருளாதாரச் சரிவில் மாட்டிக்கொண்டு, 2009 ஜனவரியில் ரோஸ் அருங்காட்சியகத்தை மூடிச் சேகரிப்பை விற்க அறங்காவலர்கள் முடிவெடுத்தார்கள். மாணவர், பழைய மாணவர், கொடையாளர் எல்லோரும் கொதித்தெழுந்தார்கள், வழக்கும் வந்தது, 2011-ல் சமரசம். இன்றும் திறந்திருக்கிறது. பணக்கஷ்டத்தில் தாத்தா படத்தை விற்கிற வீடு உண்டு, ஆனால் பிள்ளைகள் சண்டை போட்டுத் தடுத்தார்கள்.

ஹார்வர்டில் நடந்தது வேறு ஜாதி. மார்க் ரோத்கோ 1960-களில் அவர்களுடைய உணவுக்கூடத்துக்குப் பெரிய ஓவியங்கள் வரைந்து கொடுத்தார். ஜன்னல் வெயில் பட்டுச் சிவப்பு சாயம் வெளுத்துப்போனது, 1979-ல் கழற்றிச் சேமிப்பறையில் போட்டுவிட்டார்கள். மேலே வண்ணம் பூசினால் ரோத்கோவின் கை போய்விடும். 2014-ல் ஒரு வழி கண்டார்கள். பழைய புகைப்படங்களிலிருந்து மூல நிறத்தைக் கணக்கிட்டு, எங்கே எவ்வளவு வெளுத்ததோ அங்கே அவ்வளவு நிறத்தைப் புரொஜெக்டரால் வெளிச்சமாகப் பாய்ச்சினார்கள். அந்தக் கண்காட்சி நடந்தபோது தினமும் மாலை 4 மணிக்குப் புரொஜெக்டரை அணைத்தார்கள், வெளுத்த நிஜம் தெரிந்தது. பாஸ்டனில் இருந்த தோழி நேரில் பார்த்தவள். அந்த அணைக்கிற நேரத்துக்கென்றே ஆள் கூடுமாம். தங்கள் கவனக்குறைவையே கண்காட்சியாக வைக்கிற துணிச்சல் எனக்குப் பிடித்தது.

ஆழ்வாரை அனுப்புவதற்கு முன்னால் ஆஷ்மோலியன் அப்படி ஒன்று செய்யலாம். 1957 படம், 1967 ஏலக் குறிப்பு, 2019 கடிதம், நடுவில் சிலை. அதற்கு டிக்கெட் போட்டாலும் வாங்குவேன்.

5 மே

ஆக்ஸ்ஃபோர்டில் சாக்லர் (போதை தரும் வலிநிவாரணி மருந்து விவகாரத்தில் பேர்கெட்ட கொடையாளர் குடும்பம்) பெயர் எடுக்கப்பட்டது எப்போது என்று கேட்டவருக்கு: போன வருடம், 2023 மே. ஆஷ்மோலியன் கூடங்களிலிருந்தும் நூலகத்திலிருந்தும்.

19 மே

குடந்தைவாசி இன்னும் விடவில்லை. "ஊர்க்காரன் காசு போட்டதுண்டா அதில்?" என்கிறார். உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் ஹை ஸ்ட்ரீட்டை டர்னர் 1810 வாக்கில் வரைந்த படம். வரையச் சொன்னவர் அந்த ஊரிலேயே சட்டகம் போட்டு விற்ற கடைக்காரர், ஜேம்ஸ் வயட். வெகுகாலம் இரவலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 2015-ல் உரிமையாளர் குடும்பத்தின் வரிக்கு ஈடாக 35 லட்சம் பவுண்ட் மதிப்பில் அரசு எடுத்துக்கொண்டபோது, அருங்காட்சியகம் தன் பங்குக்கும் ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது. பெரும்பகுதி லாட்டரி நிதியும் கலை நிதியும். மீதி 60,000 பவுண்டுக்குப் பொதுமக்களிடம் கை நீட்டினார்கள், நான்கு வாரத்தில் 800 பேருக்கு மேல் கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள்.

என்னுடைய ஐந்து பவுண்டும் அதில் இருக்கிறது. படத்தில் தெரியும் தெருவில்தான் தினமும் பஸ் பிடிக்கிறேன். அதனால் அந்தப் படத்தின் முன்னால் நிற்கும்போது கொஞ்சம் மிடுக்காகவே நிற்பேன்.

11 ஆகஸ்ட்

புதுக் கண்காட்சி தொடங்கிவிட்டது, பணத்தைப் பற்றி. நாணய அறையில் மூன்று லட்சம் உருப்படி வைத்திருக்கிறவர்கள் இதைச் செய்யாமல் வேறு யார் செய்வது. இன்னும் போகவில்லை, மாத முதல் வாரம் என் தொழிலில் மூச்சுவிட நேரம் கிடையாது. போனவர்கள் எழுதுங்கள்.

குடந்தைவாசி செப்டம்பரில் மகளைப் பார்க்க இங்கே வருகிறாராம், பிரின்ட் ரூமுக்கு எப்படி எழுதுவது என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கேயே போடுகிறேன். அருங்காட்சியகத்தின் தளத்தில் எந்தத் தாள் வேண்டும் என்று தேடி அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி நேரம் கேளுங்கள், சில வாரம் முன்பே கேட்பது நல்லது. பாஸ்போர்ட் அல்லது படமுள்ள வேறு அடையாள அட்டை எடுத்துப்போங்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒரே நாளில் நிறையக் கேட்காதீர்கள், மூன்று நான்கு தாளே ஒரு காலைப்பொழுதைத் தின்றுவிடும். மதியச் சாப்பாட்டுக்கு மேல்மாடி உணவகம் வேண்டாம், விலை அதிகம். கொஞ்சம் நடந்து கவர்ட் மார்க்கெட்டுக்குப் போய்விடுங்கள்.